டீச்சரைக் கேளுங்கள்: கரையில் கூடாரம், கடலில் கண்ணாடி

போன இதழில், மண்டபம் பக்கம் பவளப்பாறையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விலங்கியல் பாடம் நடத்துவது வீண் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும், இந்த வாரம் முழுக்கக் கடல்தான்.

? டீச்சர், நாங்கள் விவசாயக் குடும்பம். பன்னிரண்டு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண். கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக் கடல் மேல் மிதந்தபடி அடியில் பார்க்கிற ஸ்நார்கெலிங் போக வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நிற்கிறான். எப்போது, எங்கே போவது? தீவிலேயே தங்க முடியுமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஏட்டில் 21 தீவுகள். அவற்றில் இரண்டு மூழ்கிவிட்டன. எல்லாம் 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பதே குற்றம். "ராத்திரி கொண்டுபோய் விடுகிறோம், காலையில் கூட்டி வந்துவிடுகிறோம்" என்று யாராவது படகோடு வந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பகலில் தீவு பார்க்க நேர் வழியே இருக்கிறது. பாம்பனுக்கு அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது என்பதற்கு நம் பக்கத்து வேலைக் கணக்கே ஒத்துவருகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைப் போட்டுவிட்டு நிமிரும்போது மாசி வந்திருக்கும். வடகிழக்குக் காற்று ஓய்ந்து, தென்மேற்கு இன்னும் கிளம்பாத நேரம் அது. மாசி, பங்குனியில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தெளிந்து கிடக்கும். மண்டபம், பாம்பன் ஆட்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கலங்கும். ஆனி, ஆடியில் தென்கடல் அடிக்கும். ஒன்று குமுறும்போது மற்றது பெரும்பாலும் அடங்கியிருக்கும். பள்ளிக்கூட லீவு மே மாதத்தில்தான் என்றால் வடகடலைப் பாருங்கள். பிரப்பன்வலசையில் துடுப்புப் படகும் ஸ்நார்கெலிங்கும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள். முதல் தடவை இறங்குகிற பிள்ளைகளுக்கு உச்சிப்புளி பக்கத்து அரியமான் கடற்கரையும் நல்லது. ஆழம் மெதுவாகத்தான் கூடும், அலையும் பெரிதாக இருக்காது.

உங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையே போதும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று நேராகப் போய்விடலாம். வழியில் கடலோரக் கோட்டையான மனோராவில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளுங்கள். அங்கே கரையில் நின்று கடலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீருக்கடியில் கடல்புல் மேய்ச்சல் பரந்து கிடக்கிறது. ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற இடம். அதற்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். ரயில்தான் வசதி என்றால், 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலத்தோடு சேர்ந்து தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டி மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறது.

இனி கூடாரம். தனுஷ்கோடியை மறந்துவிடுங்கள். பொழுது சாயும்போது போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். கழிப்பறையும் கிணறும் உள்ள ஒரு தோப்பில், உரியவரிடம் கேட்டு இடம் பிடியுங்கள். கூடாரத்தோடு வரும் கம்பி முளை மணலில் நிற்கவே நிற்காது. வீட்டில் கிடக்கும் யூரியாச் சாக்கை நாலைந்து எடுத்துப் போங்கள். மணல் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து, கயிற்றை அதில் கட்டுங்கள். ராத்திரி எவ்வளவு காற்றடித்தாலும் அசையாது. தென்னை மரத்தடி வேண்டாம். கஜா புயலைப் பார்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் காற்றே இல்லாத நாளிலும் மட்டை விழும். காய்ந்த மணல் காட்டில் சுருட்டை விரியன் உண்டு. செருப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். ஆனால் அந்த டார்ச்சைக் கடற்கரைப் பக்கம் அடிக்காதீர்கள். மாசி, பங்குனி ஆமை முட்டையிடும் காலம், வெளிச்சம் பார்த்தால் கரையேறாமல் திரும்பிவிடும். குடிதண்ணீரைக் கேனில் கொண்டு போங்கள். வாய்க்காலும் கிணறுமாக வாழ்ந்து பழகிய நமக்கு ராமநாதபுரம் மாவட்டத்துத் தண்ணீர்க் கஷ்டம் உறைக்காது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர்சாதம் கட்டுவதென்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி மோர் விட்டால் போதும், மதியத்துக்குச் சரியாக இருக்கும்.

? என் பையன் காவிரியில் கரைக்குக் கரை நீந்துவான். பயிற்சி வேண்டுமா?
- வாசகர், திருவையாறு

வேண்டும், அவனுக்குத்தான் அதிகம் வேண்டும். ஆற்றில் நீந்திப் பழகியவன் தண்ணீரை அடிப்பான், உதைப்பான். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான். பவளப்பாறை மேல் அப்படி உதைத்தால் மணல் கிளம்பி நாலு பேர் பார்க்க வேண்டியது மறைந்துவிடும், போதாததற்குக் காலும் கிழியும். இதில் வேலையே சும்மா கிடப்பதுதான். முகம் தண்ணீரில், கை உடம்போடு, கால் லேசாக. நீச்சலே தெரியாத பெண்கள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அரை மணியில் இதைப் பிடித்துக்கொள்வதையும், நீச்சல் வீரர்கள் மூச்சு வாங்கிப் படகைப் பிடித்துத் தொங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

பம்புசெட்டுத் தொட்டியிலேயே பழக்குங்கள். முதலில் மாஸ்க். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த அளவு சரி. (மீசைக்கார அப்பாக்களுக்கு ஒட்டாது. உதட்டுக்கு மேல் கொஞ்சம் வாசலைன் தடவுங்கள், இல்லையென்றால் மீசையா மீனா என்று முடிவு செய்யுங்கள்.) கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவி ஒரு முக்கு முக்கினால் ஆவி படியாது. அப்புறம் குழாயைப் பல்லால் கடித்து வாயால் மட்டும் மூச்சு விடுவது. குழாயில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் 'ஃபூ' என்று ஒரே ஊதாக ஊதி வெளியேற்றுவது. இந்த ஊதல்தான் பாதி வித்தை, பயம் போகிறவரை தொட்டியில் செய்யட்டும். முகம் முழுக்க மூடும் புது மாதிரி மாஸ்க் பிள்ளைகளுக்கு வேண்டாம், அவசரத்தில் கழற்ற வராது. மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளையாக இருந்தால் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் மாட்டினால் தண்ணீர் உள்ளே வரும்.

இன்னொன்று. தண்ணீருக்குள் எல்லாம் கால்பங்கு கிட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். பையன் கரைக்கு வந்து கைவிரித்துக் காட்டும் மீனை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

? பூம்புகார் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. நம் கடலில் ஏன் பவளப்பாறை இல்லை?
- மாணவி, சீர்காழி

காவிரிதான் காரணம் அம்மா. பவளம் செடி இல்லை, பிராணி. ஆனால் அதன் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் சமைத்துப் போடுவதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அதனால் வெளிச்சம் இறங்கும் தெளிந்த தண்ணீர், நிலையான உப்பு, ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை மூன்றும் வேண்டும். நம் கரையிலோ ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கலந்து உப்புக் குறைகிறது, அடியில் சேறும் மணலும். எந்த வண்டலில் நெல் விளைகிறதோ அதே வண்டல் பவளத்தை மூச்சுமுட்ட வைக்கும். பெரிய ஆறு எதுவும் வந்து விழாத ராமநாதபுரத்துக் கரையில் அது பிழைத்துக்கொண்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், போய்ப் பார்த்து ஏமாறாதே. டிவியில் காட்டும் சிவப்பும் நீலமும் அங்கே இருக்காது. பவளம் பெரும்பாலும் பழுப்பு, மங்கிய பச்சை, கொஞ்சம் மஞ்சள். 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறியபோது உள்ளே இருந்த பாசியை இழந்து நிறைய வெளுத்துப்போனது, அதில் ஒரு பகுதி செத்தும் போனது. கண்ணுக்கு நிறம் தருவது மீன்கள்தான். கிளிமீன் அலகால் பாறையைச் சுரண்டும்போது காதைக் கொடுத்துக் கேள், கரக் கரக்கென்று தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். சுரண்டி விழுங்கியது பின்னால் வெள்ளை மணலாக விழுவதையும் பார்க்கலாம்.

? கொலுவில் வைக்க ஒரு பவளப்பாறைத் துண்டு எடுத்து வரலாமா? கரையில் ஒதுங்கியதுதானே? அப்படியே மோதிரத்துக்குப் பவளமும் மலிவாகக் கிடைக்குமா?
- வாசகி, கும்பகோணம்

இரண்டும் இல்லை. பாறைப் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்கு இருக்கிற அதே பட்டியல். செத்தது, ஒதுங்கியது என்ற பேச்செல்லாம் செக்போஸ்ட்டில் எடுபடாது. கடல் குதிரை, கடல் அட்டைக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் இந்தப் பாறையை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள், அதில் போனது போக மிச்சம்தான் இப்போது நாம் பார்ப்பது. மோதிரத்துச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் பக்கத்து வேறு சாதி. ராமேஸ்வரத்தில் "இங்கேயே எடுத்தது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கொலுவுக்குப் பத்தமடைப் பாய் வாங்கி விரியுங்கள், அழகாக இருக்கும்.

? எனக்கும் இறங்க ஆசை. என்ன உடுத்துவது? சன் ஸ்கிரீன் எது நல்லது?
- இல்லத்தரசி, மன்னார்குடி

புடவை கூடவே கூடாது, காலைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டாவும் வேண்டாம். முழுக்கை டி-ஷர்ட், இறுக்கமான லெகின்ஸ், மேலே லைஃப் ஜாக்கெட், காலுக்குப் பழைய கான்வாஸ் ஷூ. குப்புற மிதப்பதால் வெயில் முதுகிலும் கெண்டைக்காலிலும்தான் ஏறும். தண்ணீர் குளிர்ச்சியில் சுடுவதே தெரியாது, ராத்திரி படுக்கும்போது தெரியும். அங்கெல்லாம் துணி மூடியிருந்தால் கிரீம் முகத்துக்கும் பிடரிக்கும் மட்டும் போதும். சில சன் ஸ்கிரீன்களில் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் இருக்கும், பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் அதன் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். டியூபின் பின்பக்கம் படித்துப் பார்த்து, ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாக வாங்குங்கள்.

? சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் முதலுதவி என்ன?
- வாசகர், நாகப்பட்டினம்

கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ கூடாது, எரிச்சல் கூடும். ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கையால் தொடாமல் எடுங்கள். திருக்கை முள் குத்தினால் கதை வேறு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி இறங்கும், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். மூச்சுத் திணறல், முகம் வீக்கம் என்றால் எதையும் யோசிக்காமல் 108.

? மாமியாரையும் கூட்டிப் போகிறோம். தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்கிறார். பாவம், கரையில் உட்கார்ந்து என்ன செய்வார்?
- வாசகி, குடவாசல்

உங்களைவிட அதிகம் பார்த்துவிட்டு வருவார். அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது, உட்கார்ந்தபடியே பாறையைப் பார்க்கலாம். தனுஷ்கோடிக்குப் பகலில் கூட்டிப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த மாதா கோயிலின் மிச்சச் சுவர் நிற்கிறது. அதைக் கட்டியது பவளக் கல்லால். கிட்டே போய் ஒரு கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், இடியாப்ப அச்சின் அடிப்பக்கம் போலத் துளைத் துளையாக இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு பிராணி குடியிருந்த வீடு. அதற்குள் கீற்றுக் கீற்றாக நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தடுப்புகள்கூடத் தெரியும். கடலுக்குள் மிதந்துகொண்டு பார்க்கிற நமக்கு இவ்வளவு நிதானம் கிடைக்காது.

அதன் பிறகு ராமேஸ்வரம் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம் இருக்கவே இருக்கிறது. மாற்றுப் புடவையை மட்டும் மறக்காமல் எடுத்து வையுங்கள், ஈரத் துணியோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள்.