தனியாகப் போய்வரும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, ஐந்து வாரக் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. தோல் சிவந்து எரிகிறது என்கிறார். மஞ்சளில் உள்ள குர்குமின் கதிர்வீச்சு பாதிப்பைத் தடுக்கும் என்று படித்தேன். மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூல் கொடுக்கிறேன். டாக்டரிடம் கேட்கவில்லை, எனக்கு வேலை இருப்பதால் அம்மா தனியாகத்தான் போய்வருகிறார். அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை இப்போது கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

கதிர் பாயும்போது செல்லுக்குள் இருக்கும் நீர் உடைந்து, பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற துகள்கள் உண்டாகின்றன. அவை டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் குர்குமின் அவற்றை மடக்குகிறது, உண்மைதான். ஆனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லைக் கொல்வதற்கும் அந்தச் சிதைவுதானே வேண்டும்? தோலுக்குப் பிடிக்கும் குடை புற்றுக்கும் நிழல் தந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தோல் எரிச்சலுக்காவது பலன் உண்டா என்றால், 2013இல் 30 பெண்களிடம் நடந்த சோதனை நம்பிக்கை தந்தது. 2018இல் 686 பேரிடம் பார்த்தபோது குர்குமினுக்கும் வெற்று மாத்திரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மிளகுச் சத்தை ஏன் சேர்க்கிறார்கள் தெரியுமா? குர்குமின் தனியாக உடம்பில் சரியாக ஏறாது. மிளகின் பைப்பரின், கல்லீரல் அதைச் சீக்கிரம் வெளியேற்றாமல் தடுக்கிறது. அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் அப்படியே தேக்கிவிடலாம்.

இதையெல்லாம் அங்கேயே டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்க யாரும் போகவில்லை. வாரத்துக்கு ஐந்து நாள், எரியும் தோலோடு, தன் முறைக்காகத் தனியே உட்கார்ந்திருக்கிறார் உங்களைப் பெற்றவர். நீங்களோ அதை "வேலை இருப்பதால்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கேப்சூல் கணக்குக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, தம்பி. உடம்புக்கு முடியாத தாயோடு போவது பிள்ளையின் கடமை, ஒழிந்த நேரத்தில் செய்கிற உதவி அல்ல. கதிர் கொடுப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும். தினமும் முடியாது, சரி. வாரம் இரண்டு நாள்கூடவா முடியாது? அக்கா, தம்பி, மனைவி என்று மற்ற நாட்களைப் பங்கு போட ஒருவருமா இல்லை?

அடுத்த முறை கேப்சூல் டப்பாவோடு நீங்களே போங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எரிகிற இடத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதற்கான களிம்பு அவர்களிடமே இருக்கும். அம்மா கூச்சப்பட்டு "பரவாயில்லை" என்பார். நீங்கள் பேசுங்கள்.