நூறோடு நிறுத்தலாமா?

வணக்கம் ஐயா,

ஜெலுத்தோங்கில் டியூஷன் எடுக்கிறேன். படிவம் மூன்று படிக்கும் மாணவன் ஒருவன், முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டி 4294967297 என்று எழுதிவந்து, "டீச்சர், இது பகா எண்ணா?" என்று கேட்டான். 2 முதல் 97 வரையுள்ள 25 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. பகா எண்தான் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

ஓர் ஆசிரியை, பினாங்கு

அன்புள்ள ஆசிரியைக்கு,

அது பகா எண் இல்லை. 641 × 6700417 = 4294967297. மாணவனிடம் உடனே திருத்திச் சொல்லிவிடுங்கள். அவன் தொட்டது சாதாரண எண் அல்ல. 1640-இல் கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல்தான் ஆய்லர் என்ற கணித மேதை அதைக் காரணிகளாக உடைத்தார்.

நீங்கள் வகுத்ததில் தவறில்லை, நிறுத்திய இடம்தான் தவறு. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால், சிறியது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இங்கே வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. 25-ஐ மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

அதற்காக 6542 முறையும் வகுக்க வேண்டியதில்லை. p என்ற பகா எண் இதை மீதியின்றி வகுத்தால், 2-இன் 32-ஆம் அடுக்கை p-யால் வகுக்க மீதி −1 (அதாவது p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு). அதை வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்கு, மீதி 1. அதற்கு முந்தைய எந்த அடுக்கிலும் மீதி 1 வராது; பிறகும் 64-இன் மடங்கான அடுக்குகளில் மட்டுமே வரும். ஆனால் ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி p−1 ஆம் அடுக்கிலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே p−1 என்பது 64-இன் மடங்கு. 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போங்கள். அவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே எண் உடைகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் நுழையாது. தாளில் நீள் வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489, ஏழு முறை, மீதி 2. அடுத்து 26, 267 இரண்டுக்கும் ஈவில் பூஜ்யம் போட வேண்டும். பிள்ளைகள் ஒரு பூஜ்யத்தை விட்டுவிடுவது இங்கேதான். 2672-இல் நான்கு, மீதி 108. 1089-இல் ஒன்று, மறுபடியும் மீதி 448. கடைசியாக 4487, சரியாக ஏழு முறை.

இன்னொன்று. 7, 11, 13-க்குத் தனித்தனியாக வகுக்க வேண்டாம். மூன்றின் பெருக்கல் 1001 என்பதால், வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூன்றில் எதனாலும் வகுபடாது, எனவே இந்த எண்ணும் வகுபடாது.

6700417 பகா எண்ணா என்று மாணவன் அடுத்துக் கேட்பான். பகா எண்தான். அதன் வர்க்கமூலம் 2589-க்குள். அதன் காரணிகளும் அதே 64-இன் வரிசையில்தான் வர வேண்டும். 641-க்குக் கீழே உள்ளவை ஏற்கெனவே கழிந்துவிட்டன. மிச்சம் ஏழு: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. அவனையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.