வாசகர் கேள்வி – பதில்: ஆழ்கடலிலும் பனிக்கடலிலும் நுண்ணுயிர் தேடுவோர்

சென்ற இதழில், ஜெர்மனியைச் சேர்ந்த ஆழ்கடல், துருவக் கடல் நுண்ணுயிரியலாளர் ஆன்ட்யே போயேட்டியுஸ் பற்றி ஒரு பக்க அறிமுகம் வெளியானது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே துறையைச் சுற்றியே அமைந்ததால், இம்மாதப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

போயேட்டியுஸ் பெரிய விஞ்ஞானி என்று எழுதியிருந்தீர்கள். அவர் கண்டுபிடித்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
*– படிவம் ஆறு மாணவி, பட்டர்வொர்த்*

கடலடி வண்டலில் புதைந்த உயிர்ப்பொருள் ஆக்ஸிஜன் இன்றிச் சிதையும்போது மீத்தேன் உண்டாகிறது. கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வலுவாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இந்த வாயு, உண்டாகும் அளவுக்கு ஏற்பக் கடலுக்குள்ளும் காற்றுக்குள்ளும் வெளியேறுவதில்லை. வண்டலின் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மேலிருந்து இறங்கும் சல்பேட்டும் கீழிருந்து ஏறும் மீத்தேனும் ஒருசேர மறைந்துவிடுவதை வேதியியலாளர்கள் 1970களிலேயே கவனித்திருந்தனர். ஆனால் ஆக்ஸிஜனே இல்லாத அந்த இடத்தில் மீத்தேனை உண்பது எந்த உயிர் என்பது நீண்ட காலம் விளங்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் உள்ள ஒரு கடலடி மேட்டிலிருந்து எடுத்த வண்டலை, குறிப்பிட்ட மரபணுத் தொடரோடு மட்டுமே ஒட்டிக்கொள்ளும் ஒளிர்சாயங்களைக் கொண்டு போயேட்டியுஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, ஆர்க்கியா எனப்படும், பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் வேறு இனமான ஒற்றைச்செல் உயிர்களின் ஏறத்தாழ நூறு செல்கள் நடுவில் திரண்டிருக்க, சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சுற்றிலும் போர்த்தியிருப்பதைக் கண்டனர். ஒன்று மீத்தேனைச் சிதைக்க, மற்றது அதனால் கிடைப்பதைக் கொண்டு வாழ்கிறது. 2000-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்தக் கட்டுரைதான் அவருக்கு உலகப் பெயரைத் தந்தது. கடலடியில் உருவாகும் மீத்தேனின் பெரும்பகுதி இத்தகைய கூட்டங்களால் அங்கேயே உண்ணப்பட்டுவிடுகிறது.

அவருடைய துருவ ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2012-ஆம் ஆண்டுப் பயணம். அவ்வாண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் அவ்வளவு குறைந்த அளவு அதற்கு முன் இல்லை. ‘போலார்ஸ்டெர்ன்’ என்னும் பனியுடைப்புக் கப்பலில் அவர் தலைமையில் சென்ற குழு, 4,000 மீட்டருக்கும் ஆழமான கடலடியைப் படமெடுத்தபோது, பனியின் அடிப்பரப்பில் தொங்கி வளரும் மெலோசிரா என்னும் பாசி, பச்சை மாறாத திரள்களாகத் தரையில் கிடந்தது. பனி மெலிந்ததால் ஒளி கூடுதலாக ஊடுருவி, பாசி மிகுதியாக வளர்ந்து, பனி உருகியதும் மொத்தமாக மூழ்கியிருந்தது. கடல்வெள்ளரிகளும் நொறுங்கு நட்சத்திரமீன்களும் அதை உண்டன. எஞ்சியதை நுண்ணுயிர்கள் சிதைத்ததில் திரள்களுக்கு அடியில் இருந்த வண்டலில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோயிருந்தது. மேலே ஒரு கோடையில் நேரும் மாற்றம் நான்கு கிலோமீட்டர் கீழே உடனே எட்டிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை கிடைத்திருக்கவில்லை.

1967-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, ஹம்பர்க்கில் உயிரியல் பயின்று, 1996-இல் பிரேமனில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஏறத்தாழ 50 கடற்பயணங்களில் பங்கேற்றுள்ளார். 2017 முதல் ஜெர்மனியின் துருவ, கடல் ஆய்வுக்கான ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்து, 2025-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிலையத்துக்குத் தலைவராகச் சென்றார்.

நான் முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆழத்தில் உள்ள அழுத்தத்தில் இரும்பே நசுங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத உயிர் எப்படித் தாங்குகிறது?
*– ஓய்வு பெற்ற கப்பல் பணியாளர், கிள்ளான் துறைமுகம்*

பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கு, ஐயா, தங்களுக்குத் தெரிந்ததே. மரியானா அகழியின் அடித்தளத்தில் அது ஆயிரத்துக்கும் மேல் போகிறது. இரும்புக் கலம் நசுங்குவதற்குக் காரணம் உள்ளே காற்றும் வெளியே நீரும் இருப்பதுதான். பாக்டீரியாவின் உள்ளே காற்றறை எதுவும் இல்லை. உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் நிலவுவதால் அது நசுங்குவதில்லை. ஆனால் வேறு தொல்லை உண்டு. அழுத்தமும் குளிரும் சேர்ந்து செல்லைச் சூழ்ந்துள்ள கொழுப்புச் சவ்வை இறுக்கி, புரதங்களின் வடிவத்தைக் குலைக்கின்றன. ஆழ்கடல் நுண்ணுயிர்கள் இறுகாத வகைக் கொழுப்பு அமிலங்களைச் சவ்வில் கூடுதலாகச் சேர்த்து இதைச் சமாளிக்கின்றன. இப்படிப் பழகிய ஓர் உயிரை மேலே கொண்டுவந்தால் அது செத்தும் போகலாம்: மரியானா அகழியில் 10,000 மீட்டருக்கும் கீழிருந்து எடுக்கப்பட்டு 1981-இல் விவரிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, நாம் வாழும் அழுத்தத்தில் வளரவே மறுத்தது.

தாங்கள் கடலில் இருந்தவர் என்பதால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1968 அக்டோபரில் ‘ஆல்வின்’ என்னும் ஆய்வு நீர்மூழ்கியை இறக்கும்போது கம்பிவடம் அறுந்து, மூடி திறந்த நிலையில் அது சுமார் 1,540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளிருந்தவர்கள் உயிர் தப்பினர். அவர்களுடைய மதிய உணவு உள்ளேயே தங்கிவிட்டது. பத்து மாதங்களுக்குப் பின் கலத்தை மீட்டபோது ரொட்டியும் இறைச்சியும் ஆப்பிளும் ஊறியிருந்தனவே தவிரக் கெடவில்லை. அதே உணவைக் குளிர்பெட்டியில் மூன்று டிகிரி வெப்பநிலையில் வைத்தபோது சில வாரங்களில் அழுகியது. ஆகவே, குளிர் மட்டும் அதைக் காக்கவில்லை என்பது புலனானது. ஹோல்கர் யானாஷ் என்னும் நுண்ணுயிரியலாளர் இதைத் தொடர்ந்து, நுண்ணுயிர்கள் ஆழத்தில் எவ்வளவு மெதுவாக இயங்குகின்றன என்பதைக் கடலடியிலேயே சோதனை வைத்து அளக்கத் தொடங்கினார். இன்று அத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. ஒரு விபத்தும் தின்னாமல் விட்ட சாப்பாடும் இவ்வளவு பெரிய ஆய்வுக்கு வழிவிட்டது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

கடலில் மொத்தம் எத்தனை பாக்டீரியா இருக்கும் என்று மாணவர் கேட்டால் என்ன சொல்லலாம்?
*– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஈப்போ*

மேற்பரப்புக் கடல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்து இலட்சம் என்று சொல்லலாம். கடலடி வண்டலுக்கு மட்டும் 2012-இல் வெளியான மதிப்பீடு, 29-க்குப் பின்னால் 28 சுழியங்கள் சேர்த்த எண்.

என் மகள் எஸ்.பி.எம். முடித்திருக்கிறாள். இந்தத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். பெண் பிள்ளை மாதக்கணக்கில் கப்பலில் இருக்க வேண்டுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? படித்து முடித்தால் இங்கே வேலை உண்டா?
*– ஒரு தாய், செந்தூல்*

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அம்மா, ஏனெனில் அதுதான் கடினமானது. ‘ஆழ்கடல் நுண்ணுயிரியலாளர் தேவை’ என்ற விளம்பரம் நம் நாட்டில் வருவது அரிது. இத்துறையில் நிலைப்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களாகவோ ஆய்வு நிலையப் பணியாளர்களாகவோ இருக்கிறார்கள். அதற்கு முனைவர் பட்டமும், அதன்பின் பெரும்பாலும் வெளிநாட்டில் சில ஆண்டுத் தற்காலிக ஆய்வுப் பணியும் வேண்டும். இதைத் தங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அவர் கற்கும் திறன்கள் கரையிலும் செல்லுபடியாகும். ஆக்ஸிஜன் இன்றி வாழும் நுண்ணுயிர்களைக் கையாளத் தெரிந்தவருக்கு நம் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் வேலை இருக்கிறது. அங்கே மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியாக்கள், போயேட்டியுஸ் கண்ட மீத்தேன் உண்ணிகளுக்கு நெருங்கிய உறவு. குடிநீர்த் தரம், உணவுப் பாதுகாப்பு, மருத்துவமனை ஆய்வகம் ஆகியவற்றுக்கும் இதே அடிப்படைதான் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷனில் உயிரியலையும் வேதியியலையும் எடுக்கட்டும். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகம் போன்றவற்றில் நுண்ணுயிரியலோ கடல் அறிவியலோ படிக்கலாம். பினாங்குத் தேசியப் பூங்காவுக்குள், முக்கா ஹெட் பகுதியில், அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையம் இருக்கிறது. கணினி நிரல் எழுதப் பழகுவதும் அவசியம். இன்று ஒரு குவளைச் சேற்றிலிருந்து கிடைக்கும் மரபணுத் தரவைக் கணினி இல்லாமல் தொட முடியாது. கணிதத்துக்குப் பயந்து உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

கப்பல் வாழ்க்கை பயணத்தின்போது சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள் வரை நீடிப்பது வழக்கம். ஆண்டின் எஞ்சிய பகுதி ஆய்வகத்திலும் மேசையிலும்தான் கழியும். ஆய்வுக் கப்பல்களில் பெண்கள் பணியாற்றுவது இன்று வழக்கமான ஒன்று. பயணத்தின் தலைமை விஞ்ஞானியாகவும் பெண்கள் பொறுப்பு வகிக்கிறார்கள். பல நாட்டவர் சேர்ந்து பயணிக்கும் கப்பல்களில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சைவ உணவு தருவார்கள். நீண்ட பயணத்தில் பச்சைக் காய்கறி தீர்ந்துபோகும், பருப்பும் உருளைக்கிழங்கும் தீராது. சாம்பார்ப் பொடியை மகள் கையோடு எடுத்துச் செல்லலாம்.

சேற்றை எடுத்துவந்து பெட்ரி தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாதா? எதற்கு இவ்வளவு சிக்கல்?
*– இளங்கலை மாணவர், மலாயாப் பல்கலைக்கழகம்*

வளர்க்கலாம், தம்பி, ஆனால் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். 2015-இல், நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ‘லோக்கி கோட்டை’ எனப்படும் வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே, 3,000 மீட்டருக்கும் ஆழமான வண்டலிலிருந்து எடுத்த மரபணுக்களில், நம்மைப் போன்ற உட்கரு உள்ள உயிரினங்களுக்கு மிக நெருங்கிய ஆர்க்கியா இனம் ஒன்று தெரியவந்தது. மரபணு மட்டுமே கிடைத்தது. உயிரை யாரும் பார்த்திருக்கவில்லை. ஜப்பானியக் குழு ஒன்று அதற்கு முன்பே, 2006-இல், நன்காய் அகழியின் 2,533 மீட்டர் ஆழத்திலிருந்து சேற்றை எடுத்து, மீத்தேன் செலுத்தப்படும் ஒரு கலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணி வந்தது. அந்தக் கலத்தில் நுண்ணுயிர்கள் தங்குவதற்கு வைத்தது பாலியூரிதேன் பஞ்சு. கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறையில் உருவான உத்தி அது. அதிலிருந்து எடுத்ததைக் குழாய்களில் மாற்றி மாற்றி வளர்த்து, ஹிரோயுகி இமாச்சியும் சகாக்களும் லோக்கி கோட்டை அருகே தெரியவந்த அந்த இனத்தின் உறவினமான ஒரு ஆர்க்கியாவை 2020-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தபோது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. ஆய்வகத்தில் நமக்குப் பழக்கமான ஈ. கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இதற்கு இரண்டு முதல் மூன்றரை வாரம் வேண்டும். அது தனித்தும் வளரவில்லை. அதனிடமிருந்து ஹைட்ரஜனைப் பெற்றுக்கொள்ளும் துணை உயிர் உடனிருந்தாக வேண்டும். ஒற்றை உயிரைப் பிரித்தெடுத்துப் படிப்பதையே நெறியாகக் கற்ற நமக்கு இங்கே அந்த நெறியே தடையாகிறது.

மூன்றாண்டு மானியத்தில் முடிக்க வேண்டிய முனைவர் ஆய்வுக்கு இப்படியொரு தலைப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து என்பதையும் சொல்லி வைக்கிறேன். மெதுவாக வளர்வதை ஒருபுறம் வளர்த்துக்கொண்டே, மறுபுறம் மரபணுத் தரவில் கட்டுரை எழுதுவதுதான் பெரும்பாலோர் செய்யும் ஏற்பாடு.

வெப்பநாடான நமக்கும் அண்டார்க்டிகாவுக்கும் என்ன சம்பந்தம்?
*– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு*

அரசியல் வழியாகவே அந்தச் சம்பந்தம் தொடங்கியது. சில நாடுகள் மட்டும் கூடி அந்தக் கண்டத்தை நிர்வகிப்பதை ஐ.நா. பொதுச்சபையில் 1980களின் தொடக்கத்தில் கேள்விக்கு உட்படுத்தியது மகாதீர் தலைமையிலான மலேசியா. பின்னர் ஆய்வு வழியாக உள்ளே செல்வது என்று முடிவாகி, 2002-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்க்டிக் ஆய்வு மையம் அமைந்தது. 2011 அக்டோபரில் மலேசியா அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இணைந்தது; மறு ஆண்டு சுல்தான் மிசான் பெயரில் ஓர் ஆய்வு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நமக்கென அங்கே தளம் இல்லாததால், நம் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் தளங்களில் தங்கிப் பணியாற்றியுள்ளனர்.

ஆழ்கடலைத் தேடி அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். மலாக்கா நீரிணையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடல் என்றால் ஆழமில்லாத சேற்றுநீர் என்ற எண்ணம் பதிந்திருக்கிறது. சபாவுக்கு அப்பால் கடலடி 2,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. அங்கே சுமார் 1,300 மீட்டர் ஆழத்தில் உள்ள கிக்கே வயலிலிருந்து 2007 முதல் எண்ணெய் எடுக்கிறோம். எண்ணெய்க்காக அந்த ஆழத்தில் துளையிட முடிந்த நாடு, அங்குள்ள உயிர்களைப் படிப்பதற்கும் அதே அளவு அக்கறை காட்டியிருக்கலாம்.

இவ்வளவு செலவழித்துப் படிப்பதால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன்?
*– மளிகைக்கடை உரிமையாளர், பிரிக்பீல்ட்ஸ்*

அண்டார்க்டிகாவின் வான்டா ஏரியில் கண்டெடுத்த ஓர் ஈஸ்ட்டின் லைப்பேஸ் என்னும், கொழுப்பைச் சிதைக்கும் நொதி இன்று மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பில் பயன்படுகிறது. கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஆர்க்கியாக்களின் டி.என்.ஏ. நொதிகள், கொதிக்கும் சூட்டிலும் கெடாதவை என்பதால், மரபணு ஆய்வகங்களில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. இருப்பினும், எனக்குப் பெரிய பயனாகப் படுவது கடையில் விற்க முடியாத ஒன்று: மீத்தேனையும் கரியமிலத்தையும் கடல் எவ்வளவு காலம் அடக்கி வைக்கும் என்ற கணக்கு.

மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவை. காட்டை அழித்துத் தோண்டுவதைவிட, யாரும் வாழாத கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை எடுப்பது மேல் அல்லவா?
*– மின்னணுத் தொழிற்சாலைத் தொழில்நுட்பர், பாயான் லெப்பாஸ்*

காட்டைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானது. ‘யாரும் வாழாத’ என்பதுதான் சரியில்லை. 1989-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், பெருவுக்கு அப்பால் பசிபிக்கில் சுமார் 4,150 மீட்டர் ஆழத்தில், சுரங்க வேலை நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவே கடலடியை ஓர் உழுபொறியால் கிளறினர். 26 ஆண்டுகள் கழித்து 2015-இல் திரும்பச் சென்றபோது உழுத தடங்கள் அப்படியே இருந்தன. போயேட்டியுஸும் இடம்பெற்ற குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாகக் கிளறிய தடத்தில் நுண்ணுயிர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. பழைய தடத்திலும் இழப்பு முழுமையாக ஈடாகவில்லை. நுண்ணுயிர்கள் அங்கே செய்துவந்த வேதிப்பணி பழைய நிலைக்குத் திரும்ப ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அவர்கள் கணித்தனர். உண்மையான சுரங்கப் பொறி மேல்மண்ணை முற்றாக அகற்றும் என்பதால் பாதிப்பு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உருண்டைகளோ பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்பவை. அவற்றைப் பற்றிக்கொண்டு வாழும் உயிர்களுக்கு மாற்றிடம் நம் காலக் கணக்குக்குள் உருவாகாது.

சர்வதேசக் கடலடியை மேற்பார்வையிடும் அமைப்பு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்குகிறது. சுரங்க விதிகள் பற்றிய வாதம் அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. என்னைக் கேட்டால், தங்கள் தொழிற்சாலையைப் போன்ற இடங்களில் கழிக்கப்படும் பழைய மின்கலங்களிலும் சுற்றுப்பலகைகளிலும் உள்ள உலோகத்தை மீட்பதற்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் அந்த வாதத்துக்கே போக வேண்டும்.