கடலடியில் ரோபோவே துளை போட்டு மண் எடுத்துவிடுகிறதாமே, ஆபரேட்டருக்கு பட்டனை அமுக்குவது மட்டும்தான் வேலையா?

ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போல. செம்பூரில் என் மாமனாரும் இதையேதான் கேட்கிறார், இன்னும் கொஞ்சம் காரமாக: "மண்ணள்ளவா மாப்பிள்ளை இன்ஜினியரிங் படிச்சீங்க?"

பட்டன்தான், ஒப்புக்கொள்கிறேன். கப்பல் டெக்கில் ஒரு கன்டெய்னர், உள்ளே ஏசி, எதிரே நாலைந்து திரை. பத்து டன் இயந்திரம் கேபிளில் இறங்கிப் போய்க் கடல் தரையில் கால் ஊன்றி நிற்கும். துளைக்கும் கம்பியான ராட், மண் பிடிக்கும் குழாயான பேரல் எல்லாம் அதன் வயிற்றிலேயே அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றாக மாட்டி, துளைத்து, மண் பிடித்த பேரலைத் திரும்ப அடுக்கில் வைத்துக்கொள்ளும். மேலே கப்பல் எவ்வளவு ஆடினாலும் கீழே பிட், அதாவது துளைக்கும் முனை, ஆடாது. அதுதான் இதன் பெரிய லாபம்.

ஆனால் பேரலில் மண் இருக்கிறதா என்று அப்போது பார்க்க முடியாது. கப்பலில் இருந்தே துளை போடும் துரப்பணக் கப்பலில் ஒவ்வொரு பேரலும் உடனே டெக்குக்கு வந்துவிடும். இதில் துளை முழுதும் முடிந்து, இயந்திரத்தையே தூக்கிய பிறகுதான் திறக்கலாம். அதுவரை டார்க்கையும் (பிட்டைச் சுற்ற ஆகும் முறுக்கு விசை) தண்ணீர் அழுத்தத்தையும் பார்த்து யூகிக்க வேண்டியதுதான்.

என் இரண்டாவது பயணம், இரவு ஷிப்ட். களிமண்ணில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது, திடீரென்று டார்க் விழுந்தது. சரசரவென்று இறங்குகிறதே என்று எனக்கு ஒரே குஷி. பிட் அடைக்காமல் இருக்க ராட் வழியாகக் கடல்நீர் அடிப்போம், அந்தப் பம்பையும் கூட்டிவிட்டேன். விடிவதற்குள் ஐந்து பேரல்! மறுநாள் திறந்தால் அதில் நாலு காலி. களிமண் முடிந்து மணல் வந்திருக்கிறது, நான் அடித்த தண்ணீரே அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஐந்தாவதன் வாயில் ஒரு சிப்பி குறுக்கே அடைத்துக்கொண்டதால் ஒரு சாண் மணல் தங்கியிருந்தது. ஆய்வாளர் அம்மா எதுவும் பேசாமல் அந்த ஒரு சாணுக்கும் லேபிள் எழுதி ஒட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

'கப்பல் துரப்பணம்தான் உசத்தி' என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் போக வேண்டுமென்றால் அதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கடலடி இயந்திரங்களில், ஜெர்மனியில் பிரேமன் பல்கலைக்கழகத்தின் முதல் மேபோ துளைப்பது 70 மீட்டர்தான், அடுத்து வந்ததுதான் 200 மீட்டர். பிரிட்டிஷ்காரர்களின் ஆர்டி2 வெறும் 55. ஆனாலும் 2015-இல் நடு அட்லாண்டிக்கில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற கடலடி மலையில் பாறை எடுக்க மேபோ, ஆர்டி2 இரண்டையும்தான் இறக்கினார்கள். பன்னாட்டுக் கடல் துரப்பணத் திட்டத்தில் இம்மாதிரி இயந்திரம் இறங்கியது அதுவே முதல் தடவை.

அப்புறம், ஐந்து வாரம் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சொசைட்டி செகரட்டரி என் பைக்கில் 'கேட்பாரற்ற வண்டி' என்று நோட்டீஸ் ஒட்டி, குப்பைத் தொட்டி ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் வாங்கத் தெரிகிறது, ஒரு போன் பண்ணத் தெரியாதா? பேட்டரி செத்துவிட்டது. புதிது போட்ட பில்லை அவர் வீட்டுக் கதவில் செருகியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.