காமிக்ஸை எடைக்குப் போடலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் எந்நேரமும் காமிக்ஸும் கையுமாக இருக்கிறான். அடிதடி பார்த்துப் பையன் கெட்டுப்போவான், எல்லாவற்றையும் எடைக்குப் போடு என்கிறார் மாமனார். என்ன செய்ய?
– ஒரு அம்மா, தக்கலை

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள்! உங்கள் மாமனாரின் பயம் பழைய பயம்தான். 1954-லேயே அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சிறுவர்கள் குற்றம் செய்யக் காமிக்ஸும் ஒரு காரணம் என்று புத்தகமே எழுதினார். விஷயம் செனட் விசாரணை வரை போய், பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். அப்புறம் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் குறிப்புகளைப் புரட்டினால், பிள்ளைகள் சொன்னதை மனிதர் தன் வசதிக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார்!

நானும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிவகாசி காமிக்ஸைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து, அப்பாவிடம் அடி வாங்கியவன்தான். எழுத்துக்கூட்டாமல் தமிழ் வாசிக்க வந்தது அந்தப் பேச்சுக் குமிழிகளால். (கணக்கு வரவில்லை, அது வேறு கதை.)

ரத்தம் தெறிக்கிற புத்தகம் இந்த வயதுக்கு வேண்டாம், சரி. அதற்கு நீங்களும் புரட்டிப் பார்க்க வேண்டும். மாமனாருக்கு, ராத்திரி சாப்பாடு முடிந்ததும், பேரனையே ஒரு கதை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.