பவளமும் பாசியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலோடி: சார், பவளம் செடியா, பிராணியா, கல்லா?

பிராணி. ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தம். ஒரு வாய், சுற்றிலும் உணர்கொம்புகள், உள்ளே ஒரு பை, அவ்வளவுதான் ஒரு பாலிப். அது தனக்குக் கீழே சுரக்கும் சுண்ணாம்புக்கூடு கல். செடியின் வேலையைப் பார்ப்பது பாலிப்புக்குள் வாழும் ஒருசெல் பாசி.

உயிரியல் டீச்சர்: அந்தப் பாசி பவளத்தின் மேல் படர்ந்திருக்குமா, உள்ளே இருக்குமா? பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

உள்ளே மேடம், அதுவும் பவளத்தின் செல்லுக்குள்ளேயே. குடற்பையை ஒட்டிய உள்ளடுக்குச் செல்களில், ஒவ்வொரு பாசியும் ஒரு சவ்வுப்பைக்குள் இருக்கிறது. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள பொன்பழுப்பு உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ பத்து லட்சம். பல பவளங்களின் பழுப்பு நிறம் இவற்றிலிருந்து வருவதுதான்.

பாடப்புத்தகத்தில் இதை 'பரஸ்பர உதவி' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் சுவாரசியமே அதற்கப்புறம்தான். பாசி வெயிலில் சர்க்கரை செய்கிறது, பெரும்பங்கை வெளியே விடுகிறது. தெளிந்த, ஆழமில்லாத கடலில் பவளத்தின் எரிசக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல்கூட இப்படிக் கிடைத்துவிடும். ஆனால் பாசி தாராள மனதோடு கொடுப்பதில்லை. பவளம் அதற்கு நைட்ரஜனை அளந்துதான் விடுகிறது. நைட்ரஜன் இல்லையேல் புரதம் இல்லை, புரதம் இல்லையேல் பாசி பெருக முடியாது. பெருகப் பயன்படாத சர்க்கரை பவளத்துக்கு வந்து சேர்கிறது. இன்னொரு பக்கம், அந்தச் சவ்வுப்பையின் உட்புறத்தைப் பி.எச். 4 என்ற அமில அளவுக்குப் புளிப்பாக்கி, பாசிக்கு வேண்டிய கார்பன் டையாக்சைடு தட்டாமல் கிடைக்கவும் பவளமே வழி செய்கிறது. பசியையும் தீனியையும் ஒருசேர நிர்வகிக்கிற உறவு இது.

நைட் டைவ்: அப்படியென்றால் பவளம் வேட்டையாடவே தேவையில்லையே?

தேவை இருக்கிறது. சர்க்கரையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடையாது. அதனால்தான் பல பவளங்கள் இரவில் உணர்கொம்புகளை நீட்டி மிதவை உயிரிகளைப் பிடிக்கின்றன.

முத்துநகர்: அண்ணா, கோடையில் தீவுப்பக்கம் முங்கிப் பார்த்தேன். பவளம் எல்லாம் வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு. செத்துப்போச்சா?

அவசரப்பட்டுச் செத்ததாகக் கணக்கு எழுதிவிடாதீர்கள் தம்பி. தொடாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். நிறமில்லாத வழவழப்பான திசு மூடியிருந்தால், உணர்கொம்பு அசைந்தால், உயிர் இருக்கிறது. நூல்பாசி முளைத்துச் சொரசொரவென்று ஆகிவிட்ட இடம்தான் செத்த இடம்.

கோடை உச்சத்தில் வழக்கமாக இருக்கும் வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, நாலைந்து வாரம் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடும். சூட்டோடு கடும் வெயிலும் சேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு பழுதாகி, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது. சில சமயம் உள்ளேயே செரித்தும் விடுகிறது. அடியிலுள்ள சுண்ணாம்பு திசு வழியே வெள்ளையாகத் தெரிகிறது.

டீச்சருக்குச் சொன்ன நைட்ரஜன் கணக்கு இங்கே தலைகீழாகிறது. சூட்டில் பவளம் தன் புரதத்தையே எரிக்கத் தொடங்க, நைட்ரஜன் அடங்கிய அம்மோனியா மிகுந்துவிடுகிறது. பாசி அதை வைத்துப் பெருகுகிறது, சர்க்கரையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆக, நிறம் போவதற்கு முன்பே பவளம் பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும்!

மன்னார் வளைகுடாவில் கோடையில் வெளுத்த பவளங்கள், தென்மேற்குப் பருவக்காற்று வந்து தண்ணீர் ஆறியதும் நிறம் திரும்புவதுண்டு. 2010இலும் 2016இலும் அப்படித் தப்பவில்லை, வேகமாக வளரும் மான்கொம்புப் பவளங்கள் போன்றவை பெரிய அளவில் செத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வெளுத்த பவளத்துக்குச் சில வார அவகாசம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அதன் மேல் நங்கூரம் விழாமல், கழிவுநீர் கலக்காமல் பார்த்துக்கொள்வது நம்மால் முடிகிற காரியம்.

இளநிலை மாணவி: குஞ்சுப் பவளத்துக்குப் பாசி எங்கிருந்து வருகிறது சார்?

இனத்தைப் பொறுத்தது. மான்கொம்புப் பவளத்தின் முட்டையில் பாசி இருக்காது. குஞ்சு கடல்நீரிலிருந்து விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். பொரைட்டிஸ், மாண்டிபோரா வகைகளில் தாய் முட்டையிலேயே வைத்து அனுப்பிவிடும்.

நம்பிக்கை: சூடு தாங்கும் பாசியைக் கொடுத்து எல்லாப் பவளத்தையும் காப்பாற்ற முடியாதா?

அப்படி ஒரு பாசி இருக்கிறது, டுருஸ்டினியம் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில், அதற்கு மாறிய ஒரு மான்கொம்பு இனம் 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதலாகத் தாங்கியது. ஆனால் அது சர்க்கரையைக் குறைவாகத்தான் தருகிறது. அதே இனத்தின் குஞ்சுகளில் கிளாடோகோப்பியம் என்ற வேறொரு பாசி உள்ளவை இரண்டு, மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. எனவே இது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். கடல் தொடர்ந்து சூடேறினால் ஒன்றரை டிகிரி எந்த மூலைக்கு?

ராசிக்கல்: மோதிரத்தில் போடும் செம்பவளத்திலும் பாசி உண்டா ஐயா?

கிடையாது. அது மத்தியதரைக் கடலில் குகைகளிலும் வெளிச்சம் மங்கிய ஆழத்திலும் வளரும் வேறு இனம். இரை பிடித்தே வாழும், பாறைத்திட்டு கட்டாது. சிவப்பு அதன் கூட்டிலேயே ஊறியது.

சுற்றுலா: கரையில் கிடக்கும் பவளத்துண்டை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. 2001 முதல் நம் நாட்டின் கல்பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த துண்டுக்கும் அதே சட்டம்தான்.