காத்து அடிச்சா இன்னும் நடுங்குது, என் விசுவாசம் போயிடுச்சாக்கா?

கேள்வி: அக்கா, நாங்க வேதாரண்யம் பக்கம். 2018 கஜா புயல்ல வீட்டு ஷீட்டு பறந்துடுச்சு, ரெண்டு புள்ளைங்களையும் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு ஜெபம் பண்ணேன், கர்த்தர் பக்கத்துல இருக்கற மாதிரி துளி கூட தோணல. கடைசியில பக்கத்து வீட்டு பாய்தான் டார்ச் அடிச்சுட்டு வந்து எங்கள அவரு மாடி வீட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு. இப்பவும் நவம்பர் வந்தாலே தூக்கம் போயிடுது. சபையில ஒருத்தங்க "விசுவாசம் இருந்தா பயம் வராது"ன்னு சொல்லிட்டாங்க.

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, முதல்ல அந்தப் பேச்ச தூக்கி ஓரமா வைங்க. அந்த நவம்பர் 16 விடியக்காலம் உங்க கரையிலதான் கஜா ஏறுச்சு, டெல்டா பூரா லட்சக்கணக்குல தென்னை வேரோட சாஞ்சுது, அதுல ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு ஒரு தாய் நடுங்குனா அது எப்படிமா குறைவிசுவாசம் ஆகும்? சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல நம்ம ஆண்டவரே வியாகுலப்பட்டு, வேர்வை ரத்தத்துளி மாதிரி விழ ஜெபம் பண்ணாரே.

2015 டிசம்பர் வெள்ளத்துல நான் சென்னையில இருந்தேன். கரண்ட் இல்ல, மாடிப்படியில மெழுகுவர்த்திய வச்சுட்டு எத்தனை படி முங்கியிருக்குன்னு எண்ணிட்டே உக்காந்திருந்தேன், ஏழாவது படி முங்குனப்போ வாயில ஜெபமே வரல, "இயேசப்பா"ங்கற ஒரு வார்த்தை மட்டும்தான், அதுவும் பாதி அழுகையில. எந்த சமாதானமும் உள்ள இறங்கல. அதனால நீங்க எழுதுனது எனக்கு நல்லாவே புரியுது.

அப்புறமா 77-ஆம் சங்கீதத்த திரும்பத் திரும்பப் படிச்சேன். நீங்களும் பைபிள எடுத்து நிதானமா படிங்க. அத எழுதுன ஆசாப் அதுல தூங்க முடியல, பேசக்கூட முடியலங்கறாரு, தேவன் இரங்கறதுக்கு மறந்துட்டாரோன்னு நேராவே கேக்கறாரு, யாரும் அவர விசுவாசம் இல்லாதவருன்னு தள்ளி வைக்கல, அந்தக் கேள்வியையே சபை இன்னிக்கும் பாட்டா வச்சிருக்கு. பின்னாடி இஸ்ரவேல் ஜனங்க கடந்த செங்கடல் வருது, இடி, மின்னல், தண்ணியே நடுங்குது. அங்கதான் சொல்றாரு, தேவனோட வழி அந்தக் கடலுக்குள்ளதான் இருந்துச்சு, ஆனா காலடி தெரியலன்னு. நடந்து போயிருக்காரு, தடம் இல்ல, தண்ணியில எங்க தடம் நிக்கும்? அந்த நேரத்துல தோணலங்கறதும் அவரு இல்லங்கறதும் ஒண்ணு இல்லமா, இத நான் முழுசா நம்பறேன்.

அடுத்த வசனத்தோட சங்கீதமே முடிஞ்சுடுது, மோசே ஆரோன் கையால ஜனங்கள நடத்துனாருன்னு. கையின்னா மனுஷங்க கைதான். உங்க லெட்டர்ல அந்த டார்ச் வெளிச்சத்த படிச்சப்போ எனக்கு இந்த வசனம்தான் ஞாபகம் வந்துச்சு.

நடுக்கத்துக்கு ஜெபத்தோட சேத்து வைத்தியமும் பாருங்க, புயல் போய் வருஷக்கணக்காகியும் தூக்கம் கெடுதுன்னா அது உடம்பும் மனசும் பட்ட காயம். அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணா காசு இல்லாம தமிழ்லயே பேசலாம், ஜிஹெச்லயும் மனநல டாக்டர பாக்கலாம், வெக்கப்பட வேண்டாம். ரேஷன் கார்டு, ஆதார், புள்ளைங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கோங்க. இந்த வருஷம் எச்சரிக்கை வந்தா கூரை சத்தம் போடற வரைக்கும் காத்திருக்காதீங்க, பகல்லயே புள்ளைங்கள கூட்டிட்டு பாய் வீட்டுக்குப் போயிடுங்க, அவங்க வீட்டம்மாகிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.